ஐந்து மணிக்கு அணைந்த தெருவிளக்கு

2024 மார்கழி. எங்கள் தெருவில் நாலாவது வீட்டு டீச்சரம்மா விடியக்காலை ஐந்தேமுக்காலுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். தாலிச் செயினைப் பிடித்து இழுத்ததில் பாதி அவர் கையில் நின்றது, பாதி போய்விட்டது. சத்தம் கேட்டு எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு நான் ஓடிப் பார்த்தால், புள்ளிக் கோலத்தின் நடுவே டயர் ஏறிப் போயிருந்தது. வெள்ளைப் பொடியின் தடம் தெருமுனை வரைக்கும் தெரிந்தது, அங்கே திரும்பி மங்கிப்போனது. டீச்சரம்மா கழுத்தைத் தடவிக்கொண்டு, "கோலத்த மிதிச்சிட்டுப் போயிட்டான் அண்ணாச்சி" என்றுதான் முதலில் சொன்னார். அழுகை அப்புறம்தான் வந்தது.

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். கரண்டுக் கம்பத்தைத் தவிர வேறு பொதுவாழ்க்கை எனக்குக் கிடையாது. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் முடிந்து, வார்டைச் சில ஏரியாக்களாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபை அமைத்தபோது, "அண்ணாச்சி சும்மாதான இருக்கீங்க" என்று கவுன்சிலர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாக ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் கூட்டத்துக்குப் போனதை டிவியில் காட்டினார்கள். எங்கள் கூட்டத்தில் இருபது பேர் இருந்தோம். சாக்கடை, குப்பை, குடிதண்ணீர் பேசினோம். திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அது ஸ்டேஷன் சமாச்சாரம், இது நகராட்சிக் கூட்டம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும்தான்.

டீச்சரம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்ததற்கான ரசீது மட்டும் போட்டு அனுப்பினார்கள். "விசாரிச்சிட்டு எஃப்ஐஆர் போடுவோம்" என்றார்கள். எங்களுக்கு விவரம் போதாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இதில் இரண்டு விஷயம் பின்னால்தான் தெரிந்தது. ஒன்று, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் அது, எஃப்ஐஆர் போட வேண்டும், டிஎஸ்பி அனுமதி வாங்கினால் மட்டும் முதலில் பதினாலு நாள் வரை விசாரித்துப் பார்க்கலாம். எஃப்ஐஆர் நகலும் இலவசம். இன்னொன்று அதைவிட முக்கியம். எஃப்ஐஆர் ஆகாத சம்பவம் குற்றக் கணக்கில் ஏறுவதில்லை. ரோந்து எங்கே போக வேண்டும் என்று ஸ்டேஷனில் பேசும்போது அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். நாங்கள் சிஎஸ்ஆரோடு திரும்பிய அந்த ஒரு வாரமும் எங்கள் தெரு அவர்கள் கணக்கில் படு சுத்தமான தெரு. வக்கீல் ஒருவர் சொல்லி, மறுபடி போய் உட்கார்ந்து எஃப்ஐஆர் வாங்கினோம். சண்டை எதுவும் போடவில்லை. உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். நாலு பெரிய மனுஷிகள் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எந்த ஸ்டேஷன் ரைட்டருக்கும் எழுதக் கை அரிக்கும்.

சரி, கேமரா இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. சென்னை போலீஸின் 'மூன்றாவது கண்' திட்டத்தைப் பார்த்து எல்லா ஊரிலும் கேமரா வைத்த காலத்தில் நாங்களும் கடைக்காரர்களிடம் வசூல் பண்ணி எட்டுக் கேமரா வைத்தோம். திறப்பு விழாவுக்கு டிஎஸ்பி வந்தார், கேசரி கொடுத்தோம். அதற்கப்புறம் அந்தக் கேமராக்களை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. தெருமுனைக் கேமராவின் கண்ணாடி மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. பகலில் அது தெரியாது. ராத்திரியில் கேமரா விடுகிற அகச்சிவப்பு வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பி, திரை முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகிவிடும். அடுத்த கேமராவில் பைக் வருவது தெரிகிறது, ஆனால் ஹெட்லைட் கூச்சத்தில் நம்பர் ஒரு வெள்ளைப் பொட்டு. எட்டுக் கேமராவையும் பதிவு செய்யும் பெட்டி ஸ்டேஷனரிக் கடைப் பரணில் இருக்கிறது. அதில் ஒரு டெராபைட் டிஸ்க்தான். ஒன்பது நாளில் பழையதை அழித்துக்கொண்டு புதியது ஏறிவிடும். கடைக்காரருக்கு வேறு பயம். பதிவைக் கோர்ட்டில் சாட்சியாக வைக்க வேண்டுமென்றால், அந்தப் பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு 65பி என்பார்கள், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. "யாவாரத்த விட்டுட்டு நான் கோர்ட்டு வாசல்ல நிக்கவா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. கேமரா மாட்டும் அன்றைக்கே இந்தக் கையெழுத்துக்காரர் யார் என்று பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். நாங்கள் கேசரிக்கு ரவை எத்தனை கிலோ என்றுதான் பேசினோம்.

தை மாதம் ஏரியா சபை. இந்தத் தடவை போலீஸையும் கூப்பிடுவோம் என்றேன். ஏரியா சபைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. லண்டன் பக்கம் இருக்கிற என் மருமகன் சொன்னான், இங்கிலாந்தில் 1998-லேயே ஒரு சட்டம் போட்டு, உள்ளாட்சியும் போலீஸும் சேர்ந்துதான் ஊர்ப் பாதுகாப்புக்குத் திட்டம் போட வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்களாம். அங்கே சட்டம் கூட்டிவருகிற ஆட்களை இங்கே நாம்தான் போய்க் கூட்டிவர வேண்டும். எப்படிக் கூப்பிட்டோம் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். கவுன்சிலர் லெட்டர்ஹெட்டில் ஒரே கடிதம். பெறுநர் இடத்தில் நகராட்சி ஆணையரும் இன்ஸ்பெக்டரும், இரண்டு பேரும். கீழே 'நகல்: டிஎஸ்பி' என்று ஒரு வரி. தனித்தனியாக எழுதியிருந்தால் இவர் "அது அவங்க வேலை" என்பார், அவர் "அது இவங்க வேலை" என்பார். எனக்கு 34 வருஷ அனுபவம் உண்டு, அந்தப் பதிலை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கம்பம் எங்களுடையது, பல்பு நகராட்சியுடையது என்று.

நகராட்சியிலிருந்து உதவிப் பொறியாளர் வந்தார். ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்எஸ்ஐ, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருந்தார். எஸ்எஸ்ஐ போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது, ரோந்து போகிறவர் அவர்தானே.

கூட்டத்தில் பேச்சு எங்கெங்கோ போனது. அப்போது பால் பாக்கெட் போடுகிற அக்கா ஒருவர், கூட்டத்துக்கு வந்தவர்கூட இல்லை, கூடத்தைப் பெருக்க வந்தவர், விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே, "லைட்டுதான் அஞ்சு மணிக்கே போயிருதே சார்" என்றார். பொறியாளர் சிரித்தார். "எல்லா லைட்டும் எரியுதும்மா. கான்ட்ராக்டர் ரிப்போர்ட் இருக்கு. நான் ராத்திரி ஒம்பது மணிக்கு வந்து பாத்தேன்." அவர் சொன்னதும் பொய் இல்லை. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

விவாதத்தை நிறுத்திவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை விடியக்காலை நாலே முக்காலுக்கு எல்லோரும் பிள்ளையார் கோயில் முன்னால் சந்திப்பது என்று முடிவு செய்தோம். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கினோம். இல்லையென்றால் அந்தக் குளிரில் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

வந்தார்கள். பொறியாளர் மப்ளர் சுற்றிக்கொண்டு, எஸ்எஸ்ஐ ரோந்து முடிகிற நேரமென்று பைக்கோடு, விளக்குப் பராமரிப்பு கான்ட்ராக்ட் பையன் கொட்டாவியோடு, டீச்சரம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "பாத்தீங்களா" என்று பொறியாளர் வாயைத் திறந்தார். ஐந்து மணி ஆனது. ஒரே வெட்டு. தெரு முழுக்க இருட்டு. "என்னய்யா, கரண்ட் போயிருச்சா?" என்றார் எஸ்எஸ்ஐ. கரண்ட் போகவில்லை, கோயில் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சூரியன் உதிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பொறியாளர் ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தை செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

நான் டைமர் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பழைய மாதிரி டைமர், வட்டத் தட்டைச் சுற்றிலும் பல் பல்லாக இருக்கும். விளக்கு எரிய வேண்டிய நேரத்துக்குரிய பற்களை உள்ளே அமுக்கி வைக்க வேண்டும். சித்திரையில் யாரோ மாலை ஆறே முக்காலுக்கு எரிந்து காலை ஐந்தே முக்காலுக்கு அணைகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். சித்திரைக்கு அது சரி. ஐப்பசியில் ஆறு மணி தாண்டினாலே இருட்டிவிடும். அப்போது, "சாயங்காலம் லைட் லேட்டா எரியுது" என்று நகராட்சிக்கு ஒரு புகார் போயிருக்கிறது. கான்ட்ராக்ட் பையன் மாலைப் பற்களை மட்டும் மாற்றுவதற்குப் பதிலாக மொத்தத் தட்டையும் முக்கால் மணி நேரம் முன்னால் திருப்பிவிட்டான். விளக்கு ஆறு மணிக்கே எரிய ஆரம்பித்தது, எல்லோருக்கும் திருப்தி. காலையில் ஐந்து மணிக்கே அணைய ஆரம்பித்தது, அதை ஒருவரும் பார்க்கவில்லை. போர்வை அதே நீளம்தான், தலையை மூடக் கால் தெரிந்தது.

அந்தப் புகாரை எழுதியது நான்தான். நன்றி சொல்லி நகராட்சிக்கு வாட்ஸ்அப் அனுப்பியவனும் நான்தான். ஆறு மணிக்கு எழுகிறவனுக்கு ஐந்தரை மணித் தெரு எப்படி இருக்கும் என்று தெரியாது. டீச்சரம்மா முன்னால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர், "விடுங்க அண்ணாச்சி, நீங்களா இழுத்தீங்க" என்றார்.

கதை இதோடு முடியவில்லை. எஸ்எஸ்ஐ, கோயில் தூணில் தொங்கிய பட்டா புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ரோந்து வருகிற போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாக நேரம் போட்டுக் கையெழுத்திடுகிற நோட்டு அது. பக்கம் பக்கமாக ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு பத்து, மூன்றே முக்கால், நாலு நாற்பது. அதற்குமேல் எந்த நாளும் கையெழுத்து இல்லை. இரவு ரோந்து ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆள் கிளம்ப எட்டாகிவிடும். ஆக, நகராட்சியின் விளக்கும் போலீஸின் ஆளும் ஒரே நிமிஷத்தில் தெருவைவிட்டுப் போகிறார்கள், கோலப்பொடி டப்பாவோடு பெண்கள் வெளியே வருகிறார்கள். டைமர் பெட்டியில் இருந்தது ஸ்டேஷனுக்குத் தெரியாது, பட்டா புத்தகத்தில் இருந்தது நகராட்சிக்குத் தெரியாது. பைக்கில் வந்தவனுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

தீர்வு என்று பார்த்தால் பத்து நிமிஷ வேலை. தட்டைப் பழையபடி திருப்பி, ஆறே காலில் அணைகிற மாதிரி பற்களை வைத்தோம். எஸ்எஸ்ஐ இன்ஸ்பெக்டரிடம் பேசி, மார்கழி, தை இரண்டு மாதமும் ஒரு ரோந்து பைக் மட்டும் ஆறரை வரைக்கும் சுற்றும்படி செய்தார். இன்னொரு பட்டா புத்தகத்தை டீச்சரம்மா வீட்டு கேட்டில் தொங்கவிட்டார்கள், கோலம் போடுகிற நேரத்தில் கையெழுத்து விழ வேண்டும் என்று.

இதன் பலன் என்னவென்றால், இரண்டு ஆபீஸ்காரர்களும் ஒருவரோடு ஒருவர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அதுவரை ஒரே சாலையில் எதிரெதிரே ஆபீஸ் வைத்துக்கொண்டு பேசியதில்லையாம். அடுத்த வேலை அதனால் சுலபமாக நடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கட்டி முடித்துத் திறக்காமல் விட்ட பொதுக் கழிப்பறையில் ராத்திரி ராத்திரி குடி. போலீஸ் விரட்டும், மறுநாள் வருவார்கள். எஸ்எஸ்ஐ நேராகப் பொறியாளருக்கே போன் போட்டு, "நான் எத்தன நாள் வெரட்டுறது, ஒரு கதவ மாட்டுங்க சார்" என்று கேட்டார். கதவு வந்தது, தண்ணீர் வந்தது, காலை முதல் இரவு பத்து வரை பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைப் போட்டார்கள். இப்போது அங்கே பெண்கள் போய்வருகிறார்கள். குடித்தவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள், அதை மறைக்கவில்லை. டாஸ்மாக் கடை விஷயம் மட்டும் நகரவில்லை. நகராட்சிப் பகுதியில் பள்ளி, கோயிலிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்பது விதி. டேப் வைத்து அளந்தோம், தள்ளித்தான் இருக்கிறது. அது கலெக்டர் வரை போக வேண்டிய விஷயம், மனு போயிருக்கிறது.

பெண்களிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். ஒரு சார்ட் பேப்பரில் வார்டு வரைபடம் போட்டு, பயமாக இருக்கிற இடத்தில் பொட்டு ஒட்டச் சொன்னோம், நெற்றிப் பொட்டுதான். அதே படத்தில் எஸ்எஸ்ஐயைச் சம்பவம் நடந்த இடங்களைப் பேனாவால் குறிக்கச் சொன்னோம். பேனாக் குறி எல்லாம் மெயின் ரோட்டில். பொட்டு எல்லாம் கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில். அந்தச் சந்தில் ஒரு சம்பவமும் இல்லையே என்றார் எஸ்எஸ்ஐ. பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள்: "யாரு சார் அந்த வழியா போறா? நாங்க ட்யூஷனுக்கு முக்கால் கிலோமீட்டர் சுத்தித்தான் போறோம்." அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துவிட்டார். காலி மனைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, சீமைக் கருவேலத்தை வெட்டவைத்து, இரண்டு விளக்குப் போட்டபிறகு, பிள்ளைகள் இப்போது அந்த வழியில் சைக்கிளில் போகிறார்கள்.

தவிர்த்தவையும் உண்டு. பையன்கள் சிலர் கம்பு எடுத்துக்கொண்டு ராத்திரிக் காவல் போகிறோம் என்று வந்தார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் வேண்டாம் என்றோம். 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த, போலீஸுக்கு உதவுகிற தன்னார்வலர் அமைப்பான ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸுக்கு, 2020-ல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு தடை போட்டது நினைவிருக்கும். யாரை நிறுத்தலாம், யாரை விசாரிக்கலாம் என்பதில் பொதுஜனம் இறங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நாங்கள் விளக்கு, கதவு, புதர், நோட்டு இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். வாட்ஸ்அப் குரூப்பும் ஒன்று வைத்தோம். ஒரே வாரத்தில் குட்மார்னிங் பூக்களால் நிரம்பிவிட்டது. அதைவிட மோசம், ஒருவர் அதிலேயே "நாங்கள் பத்து நாள் காசி யாத்திரை, வீட்டைப் பார்த்துக்கொள்ளவும்" என்று போட்டார். இருநூறு பேர் இருக்கிற குரூப்பில்! வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் ஸ்டேஷனுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், ரோந்துக்காரர் வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். குரூப்பை மூடிவிட்டோம்.

கேமராவுக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். முதல் ஞாயிறு, நீளக் கம்பில் பெயிண்ட் பிரஷ் கட்டி எட்டுக் கண்ணாடியிலும் சிலந்தி வலையைத் துடைப்பது. டிஸ்க்கைப் பெரிதாக்கினோம், இப்போது ஒரு மாதம் நிற்கிறது. கையெழுத்துக்காரர் நான்தான், கோர்ட்டுக்குப் போக எனக்கு வியாபாரமா இருக்கிறது? டீச்சரம்மா செயின் இன்னும் கிடைக்கவில்லை. வாய்தா மாதிரி மாதம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

இதற்குள் இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். அந்த எஸ்எஸ்ஐயும் மாற்றலாகிப் போய்விட்டார். பொறியாளர் மட்டும் இருக்கிறார். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, டைமர் நேரம், ரோந்து நேரம், எந்தக் கம்பத்து எண், யாரிடம் என்ன பேசினோம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் புது இன்ஸ்பெக்டர் சார்ஜ் எடுத்திருக்கிறார், பெண் அதிகாரி. வியாழக்கிழமை டீச்சரம்மாவும் நானும் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். நேற்று கான்ட்ராக்ட் பையன் போன் பண்ணினான்: "சார், ஐப்பசி வந்திருச்சு. மால பல்ல மட்டும்தான மாத்தணும்?"